உறக்கத்தின் படிகளை எண்ணிய வரலாறு

காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டித் திருவேட்டக்குடி என்னும் சிற்றூர் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் அது. சிவபெருமான் வேடுவனாக வந்து அருச்சுனனோடு வில்லெடுத்துப் பொருது, அவன் ஆற்றலை மெச்சிப் பாசுபதம் அருளினார் என்னும் கதையைத் தம்முடையதாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் சில உண்டு; திருவேட்டக்குடியும் அவற்றுள் ஒன்று. அந்த அருச்சுனனுக்கு வடமொழி நூல்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று குடாகேசன் என்பது. உறக்கத்தை வென்றவன் என்று உரைகாரர் அதற்குப் பொருள் கூறுவர்.

உறக்கத்தை வென்றான் என்று சொல்லிவிடுவது எளிது. வென்றானா இல்லையா என்று அறிவது எங்ஙனம்? தவசி ஒருவர் கண்மூடி அமர்ந்திருக்கிறார், மூச்சு மெல்ல ஓடுகிறது, உடல் அசையவில்லை. அவர் உறங்குகிறாரா, விழித்திருக்கிறாரா, அல்லது இரண்டுமல்லாத வேறொரு நிலையில் இருக்கிறாரா? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் எழுப்பிப் பார்த்தால் உறக்கம் போய்விடுகிறது. எழுப்பாமலே உறக்கத்தை அறிய வேண்டும். அதன் ஆழத்தையும் அளக்க வேண்டும். இந்தச் சிக்கலை மனிதர் படிப்படியாக அவிழ்த்த வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

உறக்கம் ஒரே நிலையன்று, அதற்குள் படிகள் உண்டு என்னும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், நான்காவதாகிய துரியம் என்று பகுத்தது. தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள் அதனோடு துரியாதீதத்தையும் சேர்த்து ஐந்து அவத்தைகள் என்றனர். அவர்கள் பகுத்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. நனவில் உயிர் நெற்றியில் நின்று 35 கருவிகளோடு கூடித் தொழிற்படும். கனவில் கண்டத்துக்கு இறங்கும்போது 25 கருவிகளே எஞ்சும். சுழுத்தியில் இதயத்தில் 3. துரியத்தில் உந்தியில் 2. துரியாதீதத்தில் மூலாதாரத்தில் ஒன்றே ஒன்று. எவை எவை ஓய்ந்தன, எவை இன்னும் இயங்குகின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டு நிலையைக் குறிப்பது இம்முறை.

இக்கால ஆய்வகங்களும் உறக்கத்தை ஐந்து நிலைகளாகவே குறிக்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றே, நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று சொல்வோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சித்தாந்திகளின் வரிசையில் கனவு முன்னே வரும், ஆழ்ந்த உறக்கம் பின்னே வரும். கருவிகள் காட்டும் இரவிலோ நலமுள்ள மனிதன் முதலில் ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கி, ஒன்றரை மணி நேரம் கழிந்த பின்னரே பெரும்பாலும் கனவின் முதற் பகுதியை அடைகிறான். மேலும் சித்தாந்தி கேட்ட வினா, உயிர் தன் கருவிகளினின்று எவ்வாறு நீங்குகிறது என்பது. ஆய்வகத்தார் கேட்ட வினா, மூளையும் கண்ணும் தசையும் இந்நேரம் என்ன செய்கின்றன என்பது. இரண்டும் பெரிய வினாக்கள். ஆனால் ஒரே வினா அல்ல.

ஐரோப்பாவில் உறக்கத்தின் ஆழத்தை முதன்முதல் எண்ணால் அளக்க முயன்றவர் எர்ன்ஸ்ட் கோல்ஷூட்டர் என்னும் செருமானியர். 1862-ல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். ஊசலோடு கட்டிய சுத்தியலை வெவ்வேறு உயரங்களிலிருந்து விழச் செய்து ஒலி எழுப்பினார். எவ்வளவு பலத்த ஒலிக்கு உறங்குபவன் விழிக்கிறானோ அவ்வளவு ஆழம் என்று கணக்கிட்டார். உறக்கம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஆழம் உச்சத்தை எட்டி, பின்னர் விடியும்வரை குறைந்துகொண்டே போவதாக அவர் கண்டார். முறை முரட்டு முறைதான். ஒவ்வோர் அளவுக்கும் ஒருவனை எழுப்பியாக வேண்டும். எனினும் அவர் கண்ட முடிவு பெரும்பாலும் இன்றும் நிற்கிறது.

எழுப்பாமல் அறியும் வழியைத் திறந்தவர் ஏனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று ரிச்சர்டு கேட்டன் என்னும் ஆங்கிலேயர் 1875-லேயே அறிவித்திருந்தார். பெர்கர் 1924-ல் மனிதத் தலையிலிருந்து அம்மின்னலைகளைப் பதிவு செய்தார். ஆனால் 5 ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. தாம் காண்பது மூளையின் அலைதானா, கருவியின் பிழையா என்னும் ஐயம் அவரை விடவில்லை. 1929-ல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக விழித்திருப்பவனின் தலையில் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான சீரான அலைகள் தோன்றும். கண்ணைத் திறந்தால் அவை மறையும். இவற்றுக்கு ஆல்பா என்று பெயரிட்டார். பாட்டிமாரின் பழமொழிக்கு இங்கே ஒரு விடை கிடைத்துவிட்டது என்னலாம். பெரும்பாலோரிடத்தில், பாசாங்கு செய்பவனின் தலையில் ஆல்பா அலை ஓடிக்கொண்டே இருக்கும்; உறங்கத் தொடங்கியவனிடம் அது கலைந்துபோகும்.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், பணமுதலாளி. ஆல்பிரடு லூமிஸ் என்பவர் நியூயார்க்குப் பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டி, 1929-ன் வீழ்ச்சிக்கு முன்னரே தம் பங்குகளை விற்று வெளியேறியவர். டக்சிடோ பார்க் என்னும் இடத்தில் தம் மாளிகையை ஆய்வகமாக்கினார். 8 அடி நீளமுள்ள உருளையின்மேல் காகிதத்தைச் சுற்றி, அடுத்த அறையில் உறங்குபவரின் மூளையலைகளை இரவு முழுவதும் எழுதச் செய்தார். ஹார்வி, ஹோபர்ட் என்னும் இருவரோடு சேர்ந்து 1937-ல் அவர் உறக்கத்தை ஐந்து நிலைகளாகப் பகுத்து, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஐந்து எழுத்துகளை அவற்றுக்கு இட்டார். உறக்கத்தின் நடுப்படியில் ஓரிரு நொடி மட்டும் விரைந்து தோன்றி மறையும் சிற்றலைக் கொத்து ஒன்று உண்டு. நடு பருத்து இருமுனையும் கூம்பி, நூல் சுற்றிய தக்ளிக் கதிர்போல் இருக்கும். அதற்குக் கதிர் என்றே இக்குழுவினர் பெயர் வைத்தனர். இன்றுவரை அப்பெயர் மாறவில்லை.

ஆனால் லூமிஸின் ஐந்து நிலைகளில் கனவுக்கெனத் தனி இடம் இல்லை. காரணம் எளிது: அவர் மூளையை மட்டுமே கேட்டார், கண்ணைக் கேட்கவில்லை.

கண்ணைக் கேட்டவர் யூஜீன் அசரின்ஸ்கி. இவர் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இளங்கலைப் பட்டம்கூட முறையாகப் பெறாமல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர், வயது முப்பதை எட்டியிருந்தது, மனைவியும் பிள்ளையும் உண்டு, பணமுடை வேறு. அவருக்கு வாய்த்த ஆசிரியர் நத்தானியல் கிளைட்மன், உலகில் உறக்கத்தை மட்டுமே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒருசிலருள் முதல்வர். 1938-ல் ஒரு மாணவரோடு மாமத் குகைக்குள் இறங்கி, பகலிரவு அறியாத இருளில் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டிக்கொண்டு வாழ முடியுமா என்று பார்த்தவர் அவர். பின்னாளில் 104 வயதுவரை வாழ்ந்தார். குழந்தைகள் உறங்கப் போகும்போது கண்ணிமை எவ்வாறு அடங்குகிறது என்று பார்த்து வருமாறு மாணவரை ஏவினார்.

அசரின்ஸ்கி கீழ்த்தளத்தில் கிடந்த பழைய கருவி ஒன்றைத் தேடி எடுத்தார். அது அடிக்கடி பழுதுபடும் கருவி. 1951 டிசம்பரில் ஓரிரவு, தம் எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகிலும் தலையிலும் மின்வாய்களை ஒட்டி உறங்க வைத்தார். நடு இரவில் எழுதுமுட்கள் திடீரென்று இங்குமங்கும் வீசத் தொடங்கின. பையன் விழித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறான் என்று எண்ணித் தந்தை அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால், பையன் அயர்ந்து உறங்குகிறான். கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். பல இரவுகள் பலரை வைத்துப் பார்த்தபோது அதே அசைவு, ஓர் ஒழுங்கோடு, மீண்டும் மீண்டும் வந்தது. பெர்கருக்கு வந்த ஐயமே இவருக்கும் வந்தது. இருவருமே கருவியை ஐயுற்ற பின்னரே தம் கண்ணை நம்பினர். ஆராய்ச்சி மாணவர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது.

1953-ல் ஆசிரியரும் மாணவரும் இதனை வெளியிட்டனர். கண் விரைந்து அசையும் வேளையில் 27 முறை உறங்குவோரை எழுப்பிக் கேட்டதில், 20 முறை தெளிவான கனவைச் சொன்னார்கள். கண் அசையாத வேளையில் 23 முறை எழுப்பிக் கேட்டதில், 19 முறை ஒன்றும் நினைவில்லை என்றார்கள். கனவு என்பது உறங்கியவன் விழித்தபின் சொல்லும் கதையாக மட்டும் இருந்த காலம் அன்றோடு முடிந்தது. அது நிகழும் வேளையைக் காகிதத்தில் சுட்டிக்காட்ட முடிந்தது.

இதனை லூமிஸும் மற்றவர்களும் ஏன் முன்னரே காணவில்லை? கண்ணைப் பதியாதது ஒரு காரணம். காகிதம் மற்றொரு காரணம். ஓர் இரவைத் தொடர்ந்து எழுதினால் ஏறக்குறைய அரை மைல் காகிதம் செலவாகும். ஆகவே பலரும் இடையிடையே சில நிமிடங்கள் மட்டும் கருவியை ஓடவிட்டுப் பார்த்து வந்தனர். சிக்கனம் கருதி விட்டுவிட்ட அந்த இடைவெளிகளுக்குள்தான் கனவு நடந்துகொண்டிருந்தது.

பின்னர் வில்லியம் டிமென்ட் என்னும் மற்றொரு மாணவர் கிளைட்மனோடு சேர்ந்து, 33 பேரை 126 இரவுகள் முழுமையாகப் பதிவு செய்து 1957-ல் வெளியிட்டார். உறக்கம் முதற்படியிலிருந்து நான்காம் படிவரை இறங்கி, மீண்டும் ஏறி, கண்ணசைவு உறக்கத்தில் நின்று, மறுபடி இறங்குகிறது. இச்சுற்று ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை நிகழ்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி, பின்னிரவுச் சுற்றுகளில் கனவு மிகுதி. விடியற்காலைக் கனவு மட்டும் நம் நினைவில் நிற்பதற்குக் காரணம் இதில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இப்போது பிரெஞ்சு நாட்டுக்கு வருவோம். காரைக்காலில் இருந்துகொண்டு இந்தப் பகுதியைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. லியோன் நகரத்து மிஷெல் ழூவே பூனைகளை ஆராய்ந்தார். 1959-ல் அவர் கண்டது இது: கண்ணசைவு உறக்கத்தின்போது பூனையின் மூளையலை விழிப்பின் அலைபோலவே விரைந்தோடுகிறது, ஆனால் கழுத்துத் தசையின் இறுக்கம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. மூளை விழித்திருக்கிறது, உடலோ செயலற்றுக் கிடக்கிறது. இம்முரணைக் கருதி அவர் அதற்கு முரண் உறக்கம் என்று பொருள்படும் பெயரை வைத்தார். அன்றுமுதல் உறக்கத்தைக் கேட்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும் என்றாயிற்று: மூளையலை, கண்ணசைவு, தசையின் இறுக்கம். இவற்றுள் எந்த ஒன்றை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். மூளையலையை மட்டும் பார்த்தால் கனவு காண்பவனை விழித்தவன் என்போம். கண்ணை மட்டும் பார்த்தாலும் அப்படியே. தசையின் தளர்ச்சியே இருவரையும் பிரித்துக் காட்டுகிறது.

சாட்சிகள் மூவர் கிடைத்துவிட்டனர். ஆனால் தீர்ப்பு எழுதுவோர் ஒருவருக்கொருவர் மாறுபட்டனர். ஒரே இரவின் பதிவைப் பல ஆய்வகத்தார் படித்தபோது ஒருவர் இரண்டாம் படி என்றதை மற்றவர் முதற்படி என்றார். பொது விதி வேண்டும் என்று உணர்ந்த 12 அறிஞர்கள் குழுவாகக் கூடினர். ழூவேயும் அதில் ஒருவர். ஆலன் ரெக்ட்ஷாஃபன், ஆந்தனி கேல்ஸ் இருவரும் தொகுத்த அந்த விதிநூல் 1968-ல் வெளிவந்தது. அது மெல்லிய நூல்தான். எனினும் அடுத்த 40 ஆண்டுகள் உலகெங்கும் உறக்க ஆய்வகங்களை ஆண்டது அதுவே.

அதன் முறையைச் சொல்கிறேன். இரவை 20 அல்லது 30 நொடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டும் காகிதத்தில் ஒரு பக்கம். நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் காகிதம் ஓடினால், 30 நொடிப் பக்கங்களாக 8 மணி நேர உறக்கத்துக்கு 960 பக்கங்கள், நீளம் 288 மீட்டர். படிப்பவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு படியைத் தர வேண்டும். ஆல்பா அலை பக்கத்தின் பாதிக்கு மேல் நின்றால் விழிப்பு. அது கலைந்து, சிறிய கலவை அலைகள் ஓடினால் முதற்படி. தக்ளிக் கதிர் ஒன்று அரை நொடியாவது தோன்றினால், அல்லது கே என்னும் எழுத்தால் குறிக்கப்படும் தனிப் பேரலை எழுந்தால், இரண்டாம் படி. நொடிக்கு இரண்டுக்கு மேற்படாமல், 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயர்ந்து எழும் டெல்டா அலைகள் பக்கத்தில் நூற்றுக்கு 20 முதல் 50 வரை நிறைந்தால் மூன்றாம் படி. 50-ஐக் கடந்தால் நான்காம் படி. சிறிய கலவை அலையும், விரைந்த கண்ணசைவும், தளர்ந்த மோவாய்த் தசையும் ஒருங்கே இருந்தால் கண்ணசைவு உறக்கம்.

கணக்குப்பிள்ளையின் வேலைபோல் இது தோன்றும். உண்மையில் அப்படித்தான். பயிற்சி பெற்ற ஒருவர் ஓர் இரவைப் படித்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். ஆயினும் 49 விழுக்காடு டெல்டா மூன்றாம் படி, 51 விழுக்காடு நான்காம் படி என்னும் கோட்டை இயற்கை கிழிக்கவில்லை. குழுவில் கூடிய மனிதர் கிழித்தனர். இதனை அவர்களும் அறிந்தே இருந்தனர்.

இந்த விதிகளால் நம் நாட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையில் எனக்கு முதன்மையானது. தெரேஸ் புரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1935-ல் இதயத் துடிப்பு வரைகருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைச் சோதித்தார். அவரைத் தொடர்ந்து வந்தோர் மூளையலைக் கருவியைக் கொணர்ந்தனர். 1955-ல் தாஸ் என்னும் வங்காளியும் மார்செய் நகரத்து ஹென்றி கஸ்தோவும், கல்கத்தா யோகிகள் தியானத்தின் உச்சத்தை அடையும்போது மூளையலைகள் விழிப்பைக் காட்டிலும் விரைவாகின்றன என்று அறிவித்தனர். அமெரிக்காவில் பணியாற்றிய பாசு பக்சி, வெங்கர் என்னும் அறிஞரோடு 8 தடங்கள் கொண்ட கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுதும் சுற்றினார். சென்னையில் யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவர்களுடைய சோதனைக்கு உட்பட்டவருள் ஒருவர். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. தியானத்தில் உடல் ஆழ்ந்து தளர்கிறது, ஆனால் அது உறக்கமோ உறக்கக் கலக்கமோ அன்று என்பது அவர்கள் 1957-ல் வெளியிட்ட முடிவு.

1961-ல் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் மூவரும் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இவர்களுள் பல்தேவ் சிங்கைத் தென்னாட்டார் நன்கு அறிவர். ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகியோரோடு சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்த நால்வருள் அவர் ஒருவர். சமாதி நிலையிலிருந்த யோகிகளின் தலையில் ஆல்பா அலை ஓங்கி, இடையறாமல் ஓடியதை இவர்கள் கண்டனர். கண்ணெதிரே கடும் ஒளி பாய்ச்சினர், பேரொலி எழுப்பினர், சூடேறிய கண்ணாடிக் குழாயால் உடலைத் தொட்டனர். தியானமில்லாத வேளையில் இவற்றால் கலைந்த ஆல்பா, தியானத்தில் கலையவில்லை. வேறு இருவர் 4 டிகிரி குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தபோதும் அது கலையவில்லை.

ஒரு குழு விரைந்த அலை என்றது. ஒரு குழு ஆல்பா என்றது. இரண்டும் உறக்கமன்று என்பதில் மட்டும் ஒற்றுமை. 1970-ல் அமெரிக்காவில் வாலஸ் என்பவர், மகரிஷி மகேஷ் யோகியின் தியானமுறை விழிப்பும் உறக்கமும் கனவும் அல்லாத நான்காவது நிலை என்னும் கருத்தையே எழுப்பினார். துரியம் என்ற சொல் ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டது என்று இங்கே பலர் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சிக்கு 1976-ல் ஓர் இடையூறு வந்தது. பகானோ என்பவரும் அவர் தோழரும், அதே முறையில் நன்கு பயின்ற ஐந்து பேரைத் தியானம் செய்யச் சொல்லிப் பதிவெடுத்து, 1968-ன் விதிநூலை வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தனர். தியான நேரத்தின் கணிசமான பகுதி இரண்டாம், மூன்றாம், நான்காம் படி உறக்கமாக இருந்தது. தக்ளிக் கதிரும் டெல்டா அலையும் ஐயத்துக்கு இடமின்றிக் காகிதத்தில் நின்றன.

இது தியானத்தைப் பொய்யென்று காட்டிவிட்டதா? சிலர் அவ்வாறு எழுதினர், அது மிகை. ஐந்து பேரின் சில அமர்வுகளைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரின் பயிற்சிக்குத் தீர்ப்பெழுத இயலாது. ஆனால் தியானத்தில் அமர்ந்தவர் உறங்கவே மாட்டார் என்று எவரும் சொல்லிக்கொண்டு போக இனி வழியில்லை என்பதும் உண்மை. தாமே அறியாமல் உறங்கி எழுந்து, ஆனந்தமாக இருந்தது என்று சொல்வது மனிதர்க்கு இயல்பு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. முதற்படியிலிருந்து எழுப்பினால் நான் உறங்கவே இல்லை என்று சாதிப்போர் பலர். ஆகவே ஒருவரின் வாய்ச்சொல்லையும் வரைவின் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். நம்மவர் பெருமையை நம்மவரே காக்க விரும்பினால் அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த வழியில் சென்றவர் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார். பிந்து குட்டி முதலியோர் தியானத்தின்போது என்ன நிகழ்கிறது என்பதோடு நில்லாமல், தியானம் பயில்வோர் இரவில் எவ்வாறு உறங்குகின்றனர் என்று கேட்டனர். 2006-ல் வெளியான அவர்கள் ஆய்வில், இரவு முழுதும் பதிவெடுத்துப் படிகளை எண்ணினர். நடுத்தர வயதை எட்டும்போது ஆடவரின் ஆழ்ந்த உறக்கம் குறைவது எங்கும் காணப்படுவது. சுதர்சனக் கிரியையும் விபாசனையும் நெடுநாள் பயின்ற நடுவயதினரிடம் அது அவ்வளவு குறையாமல் நின்றது. பயில்வோர் உணவாலும் ஒழுக்கத்தாலும் வேறுபட்டிருக்கலாமே என்று வினவ இடமுண்டு. எனினும் வினா நல்ல வினா. யோகியை உறங்காதவராகக் காட்ட முயலாமல், நன்றாக உறங்குகிறாரா என்று பார்த்தது.

யோகிகளை விட்டு நோயாளிகளிடம் வந்தால், படிகளை எண்ணுவதில் நேரும் பிழையின் விலை உடனே தெரியும். கல்கத்தாவில் யோகிகளைப் பதிவு செய்த அதே கஸ்தோ, 1965-ல் தம் குழுவினரோடு, உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோயைப் பதிவுகளால் காட்டினார். இன்று குறட்டையோடு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு, உறங்கிய ஒவ்வொரு மணிக்கும் எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 15 முறைக்கு உட்பட்டால் இலேசான நோய். 15-ஐ எட்டினால் நடுத்தரம். 30-ஐ எட்டினால் கடுமை. ஓர் இரவில் ஒருவருக்கு 90 தடைகள் என்று கொள்வோம். அவர் 6 மணி நேரம் உறங்கினார் என்று படித்தால் மணிக்கு 15. விழித்துப் புரண்ட ஒரு மணி நேரத்தையும் முதற்படி உறக்கம் என்று படித்துவிட்டால் 7 மணி நேரம். மணிக்கு 13 கூட இல்லை. நோயாளி அவரே, தடைகளும் அவையே. படித்தவரின் கை மாறியதால் நோயின் தரம் மாறிவிட்டது.

கை மாறினால் படிப்பு மாறுகிறதா என்றால், மாறுகிறது. 2007-ல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் புதிய விதிநூலை வெளியிட்டது. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் ஒன்றாக்கிவிட்டது. பக்கம் 30 நொடிதான் என்று உறுதி செய்தது. விழிப்பு, மூன்று படிகள், கண்ணசைவு உறக்கம் ஆக ஐந்து. இவ்விதிகளைப் பயின்ற 2,500-க்கு மேற்பட்டோர் ஒரே பக்கங்களைப் படித்த ஒப்பீடு 2013-ல் வெளிவந்தது. மொத்தத்தில் நூற்றுக்கு 83 அளவுக்கு ஒத்துப்போயினர். கண்ணசைவு உறக்கத்தில் 90. முதற்படியிலோ 63 மட்டுமே. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவிலுள்ள அந்த வாசற்படியில்தான், பயின்ற கண்களும் தடுமாறுகின்றன. தியானத்தைப் பற்றிய பூசல் எழுந்ததும் அதே வாசற்படியில்தான்.

இப்போது கணினிகள் இவ்வேலையை நொடிகளில் செய்கின்றன. 2010-ல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் திருவேட்டக்குடியிலேயே இருக்கிறது. மின்குறிகளைப் பகுத்தாயும் கலையை அங்கே இளைஞர் பயில்கின்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மனிதர் படித்து முடித்த பல்லாயிரம் இரவுகளைக் காட்டியே கணினிக்கும் படிக்கக் கற்பிக்கிறார்கள். ஆசிரியர்கள் முதற்படியில் முரண்பட்டால் மாணவனும் அங்கேயே தடுமாறுவான். கணினி விரைவாகப் படிக்கும், களைப்படையாது, ஒரே பக்கத்தை இருமுறை காட்டினால் ஒரே விடையைத் தரும். ஆனால் 30 நொடி என்னும் வரம்பை அதுவும் நம்மிடமிருந்தே வாங்கிக்கொண்டது.

அந்த வரம்பு எங்கிருந்து வந்தது? காகிதத்தின் அகலத்திலிருந்தும், நொடிக்கு 10 மில்லிமீட்டர் ஓட்டத்திலிருந்தும் வந்தது. காகிதம் போய்விட்டது; வரம்பு நிற்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் எட்டு மணி நேரம் படுத்திருப்பவருக்கு அதனால் பெருந்தீங்கில்லை. இரவெல்லாம் விசைப்படகின் சுக்கானைப் பிடித்திருக்கும் மீனவரை எண்ணிப் பாருங்கள். பின்னிரவு மூன்று மணிக்கு அவர் தலை சாய்கிறது. ஆல்பா கலைகிறது, கண் மெல்ல உருள்கிறது, 12 நொடி உறங்கிவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்கிறார். அந்தப் பன்னிரண்டு நொடியில் படகு எவ்வளவு தூரம் திசைமாறிப் போயிருக்கும் என்பது கடலோடிகளுக்குத் தெரியும். அவர் தலையில் மின்வாய்களை ஒட்டிப் பதிவெடுத்திருந்தால், 30 நொடியில் பாதிக்கு மேல் எது நின்றதோ அதுவே அப்பக்கத்தின் படி என்னும் விதிப்படி, படித்தவர் அந்தப் பக்கத்தின் தலையில் விழிப்பு என்றே எழுதியிருப்பார்.